காவல் இறங்கிய உடம்பு

பூச்சி வளர்ப்புக் கூடத்தில் அவளுக்கு ‘புழு அக்கா’ என்றுதான் பெயர். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் அது அவளுக்கே நினைவுக்கு வரும்.

பத்தொன்பது வருடமாக அவள் பார்த்த வேலையைச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், மீதிப் பேர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். காலையில் கடலை மாவு, ஈஸ்ட், விட்டமின் மாத்திரைத் தூள் எல்லாவற்றையும் சூடான அகர் என்கிற கடற்பாசிக் கூழில் கொட்டிக் கிளறுவாள். ஆறி இறுகியதும் துண்டு போட்டு, வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் ஆளுக்கொரு துண்டு வைப்பாள். டப்பாவுக்கு ஒரு புழு. இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துத் தீர்த்துவிடும். பயிரில் காயைத் துளைத்து நாசம் செய்கிற புழுக்கள்தாம். ஆனால் அவளுக்கு அவை பிள்ளைகள் மாதிரி. “இன்னைக்கு மூணாவது வரிசை சரியா சாப்பிடல மேடம்” என்று ஆய்வாளர் அம்மாவிடம் போய்க் குறைபட்டுக்கொள்வாள்.

கூடத்தில் மூன்று அறைகள். முதலாவதில் அந்துப்பூச்சிகள், இரண்டாவதில் புழுக்கள், கடைசியில் குளவிகள். குளவி அறைக்கு இரண்டு கதவு, நடுவில் ஒரு திரை. உள்ளே போகிறவர்கள் செருப்பை மாற்றி, மேல்சட்டையை மாற்றி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குளவி அறைக்குப் போய்விட்டு அன்றைக்குப் புழு அறைக்குள் கால் வைக்கக்கூடாது. சட்டை மடிப்பில் ஒரே ஒரு குளவி ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஒரு மாத உழைப்பு மண்ணாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதையெல்லாம் அவளே கண்டிப்பாகச் சொல்வாள். அந்தக் குரலுக்கு ஆய்வாளர் அம்மாவே கொஞ்சம் பயப்படுவார்.

குளவி என்றால் கூரையில் கூடு கட்டி ஆளைத் துரத்துகிற பெரிய குளவி இல்லை. கொசுவைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இடுப்பு நூல் மாதிரி இருக்கும். மெல்லிய பிரஷ் நுனியில் ஒரு இளம் புழுவை எடுத்துக் கூண்டுக்குள் காட்டினால், உணர்கொம்பால் தடவிப் பார்த்துவிட்டு, உடம்பை வளைத்து ஒரே குத்து. கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. புழு ஒருமுறை துள்ளும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல டப்பாவில் போய் மறுபடி தின்ன ஆரம்பிக்கும். உள்ளே குளவியின் முட்டை ஒன்று இருக்கும். எட்டு ஒன்பது நாளில் புழுவின் தோலைக் கிழித்துக்கொண்டு குளவிக் குஞ்சு வெளியே வந்து கூடு கட்டும். பக்கத்தில் புழு காலி உறை போலக் கிடக்கும். அந்தக் கூடுகளைச் சேர்த்துத்தான் விவசாயிகளுக்கு அனுப்புவார்கள். அவர்களுடைய வயல் பிழைக்கும்.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆன பிறகு ஒருநாள் ஆய்வாளர் அம்மா அவளைக் கூப்பிட்டு நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார். உப்புத் தண்ணீர்த் துளியில் ஒரு புழுவை நீளவாக்கில் பிரித்துப் போட்டிருந்தார்.

“என்ன தெரியுது?”

“கருப்பா ஒரு புள்ளி மேடம். கடுகுல கால்வாசி இருக்கும்.”

“அது செத்துப்போன முட்டை. குளவி உடம்பிலிருந்து எடுத்து, நல்லா கழுவி, நானே கண்ணாடி ஊசியால புழுவுக்குள்ள வெச்சேன். புழுவோட ரத்தத்துல காவல்கார அணுக்கள் இருக்கு. வெளியாள் உள்ள வந்தா ஒண்ணு மேல ஒண்ணா போய் ஒட்டிக்கிட்டு மூச்சுவிட முடியாம மூடிடும். அப்புறம் கருத்துடும்.”

“அப்ப குளவி போடற முட்டை மட்டும் எப்படி பொழைக்குது?”

“அங்கதான் விஷயமே இருக்கு. குளவி முட்டையைத் தனியா போடறதில்ல. கூடவே கொஞ்சம் திரவத்தை ஏத்துது. அதுல ஒரு வைரஸ். குளவியோட உடம்பிலேயே உண்டாகறது, குளவியை ஒண்ணும் பண்ணாது. புழுவுக்குள்ள போனா காவல்கார அணுக்கள் பாதி செத்துடும், மீதி இருக்கறதுக்கு ஒட்டற பிடிமானமே போயிடும். எதிரி கண் முன்னால இருக்கும், கை நீளாது.”

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “புழுவுக்குத் தெரியுமா மேடம்?”

“என்னது?”

“தன்னோட காவல் போயிடுச்சுன்னு.”

ஆய்வாளர் அம்மா சிரித்தார். “தெரியற மாதிரி ஒண்ணும் நடக்காதே. வலி இருக்காது, காயம் இருக்காது. கொஞ்சம் கம்மியா தின்னும், கொஞ்சம் மந்தமா நகரும். அவ்வளவுதான்.”

அதன்பின் அவள் தானாகவே ஒன்றைக் கவனித்தாள். மழைக்காலத்தில் டப்பாக்களில் ஈரம் கோத்துக்கொண்டு பூஞ்சை வரும்போது, குத்துப்படாத புழுக்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். குத்துப்பட்டவைதாம் முதலில் போகும். நேற்று வரைக்கும் எந்தப் பூஞ்சை பக்கத்தில் இருந்தும் சீண்டவில்லையோ, அதே பூஞ்சைதான் அவற்றைத் தின்னும். இதைச் சொன்னபோது ஆய்வாளர் அம்மா, “நீ படிச்சிருந்தா என் நாற்காலி எனக்கு மிஞ்சியிருக்காது” என்றார். அவளுக்கு அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

வீட்டில் அவளைத் தவிர இரண்டே பேர்: தம்பியும் தம்பி மனைவியும். அப்பா, அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவளுக்கு இரண்டு மூன்று சம்பந்தம் வந்தது. வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்டது, வேலையை விடுவாளா என்பதுதான். “என்னை நம்பி வந்தவங்க யாருமில்ல, புழு மட்டும்தான் என்னை நம்பி இருக்கு” என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

தம்பி அவளைவிட ஐந்து வயது சின்னவன். ரயிலடியிலிருந்து பஞ்சாலை வரைக்கும் போகிற தனியார் பேருந்தில் கண்டக்டர். ஊரில் அவனுக்கு ‘டபுள் விசில்’ என்று பட்டப்பெயர். பேருந்தில் ஏறியவர்கள் இறங்க மனமில்லாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குவார்கள் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். ஆனால் அவன் வாய் அப்படி. படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் பார்த்து, “உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு. இல்லேன்னாலும் நம்பிக்கை இருக்கு” என்பான். தூங்கி வழிகிறவரைத் தட்டி, “அண்ணே, எறங்கற இடம் கனவுல வந்துச்சா, இல்ல நான் சொல்லணுமா?” என்பான். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அவன் மனைவி பள்ளிச் சீருடைகளை வீட்டிலேயே தைப்பவள், அதிகம் பேசாதவள். தையல் எந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே அவன் பேச்சுக்குச் சிரித்துச் சிரித்தே அவளுக்கு நூல் அறுந்துபோகும்.

அவனுக்கு முப்பத்தாறு வயது நடக்கும்போது ஒரு நாள், “அக்கா, என் செருப்பு சின்னதாயிடுச்சு” என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். பாதத்தை அமுக்கிப் பார்த்தால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். இரத்த அழுத்தம் எத்தனை வருடமாக இருந்ததோ, அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவனுக்கே தெரியவில்லை. ஒன்றரை வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். போகும்போது நடந்து போவான், வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி வருவான்.

மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் வழி என்றார்கள். மனைவியின் இரத்தம் பொருந்தவில்லை. அக்காவினுடையது பொருந்தியது. தம்பி மறுத்தான்.

“உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உயிரோட இருப்பேன்?”

“இப்ப இருக்கற மூஞ்சியை வெச்சுக்கிட்டுதான். வீங்கியிருக்கு, கொஞ்சம் வடிஞ்சா பார்க்க நல்லா இருக்கும்” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அறுவைக்கு முன்னால் மருத்துவர் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமாகத்தான் பார்க்கும். இரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் அதைச் சூழ்ந்து அழிக்கப் பார்க்கும். அதனால் வாழ்நாள் முழுக்க, காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும், அந்த அணுக்களை அடக்கி வைக்கிற மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

தம்பி தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“காவலை இறக்கிடுவீங்க” என்றாள்.

“அப்படியும் சொல்லலாம்மா.”

“அப்ப பூஞ்சை வந்தா?”

மருத்துவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். அவள் குளவியையும் புழுவையும் பற்றிச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். “நீங்க பயப்படறது நியாயம்தான். கூட்டம், தூசி, ஈரம், சளி பிடிச்ச ஆள், எல்லாத்துலயும் கவனமா இருக்கணும். ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வையுங்க. குளவி புழுவைத் தின்னறதுக்காகச் செய்யுது. நாம இவர் பொழைக்கறதுக்காகச் செய்யறோம்.”

அறுவை நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் இரண்டு பேரும் மருத்துவமனை வராந்தாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்தபோது தம்பி சொன்னான்: “அக்கா, உன் கிட்னி சரியான வேலைக்காரி. என்னைத் தூங்கவே விடமாட்டேங்குது. பாத்ரூமுக்கு நடந்து நடந்து கால் வலிக்குது.” தையல் பிரிந்துவிடும் என்று அவள் வயிற்றை அமுக்கிக்கொண்டு சிரித்தாள். அவளுடைய வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு வீட்டுக்கு வந்தார்கள். வீட்டை அவள் கூடமாக்கினாள்.

வாசலில் செருப்பு மாற்ற வேண்டும். முழங்கை வரைக்கும் சோப்பு. சுவர் ஓரத்தில் ஈரம் இருந்த இடமெல்லாம் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள். மண் தொட்டிகளை அப்புறப்படுத்தினாள். பழம் தோல் சீவாமல் உள்ளே வராது. சீருடைத் துணிகள் வெளியிலிருந்து வருகிறவை என்பதால் தம்பி மனைவியின் தையல் எந்திரம் பின்கட்டுக்குப் போனது. தம்பி முன்னறையில், ஜன்னல் ஓரத்தில். பார்க்க வருகிறவர்கள் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டும். தம்பி முதலில் அதையும் கேலியாக்கினான். தெருமுனை நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றால் உள்ளிருந்தே ஒரு விசில், கிளம்பும்போது இரண்டு விசில். ஆறு மாதத்தில் இரண்டு விசில் ஒரு விசிலானது. ஒரு வருடத்தில் அதுவும் நின்றது.

ஒருநாள் அவனோடு எட்டு வருடம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தவர் தும்மினார். அவள் உள்ளேயிருந்து வந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

அன்றைக்குத்தான் தம்பி முதல் தடவையாக அவளிடம் குரலை உயர்த்தினான்.

“என் விசிலை நம்பி வண்டியை எடுத்த மனுஷன்க்கா. அவரு மூஞ்சில கதவைச் சாத்தறியே!”

“அவரு தும்மினாரு.”

“தும்மத்தான் செய்வாரு. மனுஷன்னா தும்முவான். நான் என்ன உன் டப்பாவுல இருக்கற புழுவா? வேளைக்கு ஒரு துண்டு வெச்சு மூடி போடறதுக்கு?”

அவளுக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. “அப்ப எதுக்குடா என் வயித்தைக் கிழிச்சுக் குடுத்தேன்? நீ போய் பஸ்ஸுல தொங்கறதுக்கா?” என்று கேட்டுவிட்டாள்.

சொல் வாயைவிட்டுப் போன அந்த நொடியே அதைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. தம்பி அவளைப் பார்த்தான். பின்கட்டில் தையல் எந்திரம் நின்றது. “சரிக்கா” என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் எதற்கும் மறுத்துப் பேசவில்லை. செருப்பை மாற்று என்றால் மாற்றினான். கையைக் கழுவு என்றால் கழுவினான். சாப்பாடு குறைந்தது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நகர்வதுகூட மெதுவானது. ஒருநாள் கூடத்தில் குத்துப்பட்ட புழுக்களின் டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘கொஞ்சம் கம்மியா தின்னும், கொஞ்சம் மந்தமா நகரும்’ என்று ஆய்வாளர் அம்மா சொன்னது அவள் காதில் விழுந்தது. அவன் உடம்புக்குள் இருப்பது என்னுடையது, அதற்காகத்தானே அவன் காவலை இறக்கியிருக்கிறார்கள், அப்படியென்றால் நான் யார் என்று ஒரு நினைப்பு ஓடியது. மூடியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று பல தடவை அவன் அறை வாசல் வரைக்கும் போனாள். என்ன சொல்வது? கொடுத்ததைச் சொல்லிக் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டால், அதுவே இன்னொரு தடவை சொல்லிக் காட்டியது போல ஆகிவிடும். திரும்பிவிடுவாள்.

மூன்றாவது வருடம் அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு ஏறியது. மனைவியைச் சீண்ட ஆரம்பித்தான். பரிசோதனையில் எண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. தன் கண்டிப்புதான் பலித்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி பொறுக்க முடியாமல் போனது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு பேருந்தில் பின்வாசல் வழியாக ஏறி உட்கார்ந்தாள். மத்தியான நேரம், வண்டியில் பாதிகூட ஆளில்லை. முன்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது.

ஆயிரம் விசிலில் அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கியிருக்க, மடிப்புக் கலையாத சட்டையோடு, கம்பியைப் பிடித்துச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். வழக்கமான கண்டக்டர் சின்னப் பையன் போலச் சிரித்துக்கொண்டு கடைசி இருக்கையில் ஓய்வாக உட்கார்ந்திருந்தான். ஓட்டுகிறவர் அந்தப் பழைய டிரைவர்தான். “அம்மா, அந்தப் பையை மடியில வெச்சுக்கங்க. பைக்கு டிக்கெட் எடுத்தா மட்டும் சீட்டு உண்டு” என்றான் ஒரு கிழவியிடம். வண்டியே சிரித்தது. அவன் முகத்தில் அந்த நிறத்தை அவள் பார்த்து நாலைந்து வருடமாகியிருந்தது.

டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவன் அவளிடம் வந்து நின்றான். கை அப்படியே நின்றுவிட்டது.

பிறகு அவன் வறண்ட குரலில், முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போலக் கேட்டான்: “எங்கம்மா போகணும்?”

“யயியயி” என்றாள் அவள், வாய் நிறையப் பஞ்சோடு.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ரயிலடிக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவன் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். தம்பி மனைவி அடுப்படி வாசலில் வெளிறிப்போய் நின்றாள். அவளுக்கும் தெரியும் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. வியாழக்கிழமைதோறும் அவன் வண்டிக்குப் போக அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டவள் வேறு யார்?

அக்கா செருப்பை மாற்றினாள். கையைக் கழுவினாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மூக்கை மூடல” என்றாள்.

“என்னது?”

“முகக்கவசம். மூக்குக்குக் கீழ இருந்துச்சு. மூக்கை மூடறதுக்குத்தான் அது.”

அவன் நிமிர்ந்தான். கண் நிறைந்திருந்தது. “மூடிக்கறேன்க்கா.”

“வியாழக்கிழமை மட்டும். கூட்டமில்லாத வண்டி.”

“வியாழக்கிழமை மட்டும்.”

தம்பி மனைவி உள்ளே போய்ச் சத்தமில்லாமல் அழுதாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் வீட்டில் பேச்சும் சிரிப்பும் இருந்தது. தையல் எந்திரம் முன்னறைக்குத் திரும்பி வந்தது. பேருந்தில் நடந்ததையெல்லாம் அவன் நடித்துக் காட்டுவான். “யயியயி” என்பது வீட்டில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. எங்கே போகிறாய் என்று யார் யாரைக் கேட்டாலும் அதுதான் பதில்.

மழைக்காலம் ஆரம்பித்து மூன்றாவது வாரம் அவனுக்கு இருமல் வந்தது. சாதாரண வறட்டு இருமல். மறுநாள் லேசான காய்ச்சல். அவள் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் பஞ்சு ஒட்டியது போல இருந்தது.

“பூஞ்சைம்மா” என்றார் மருத்துவர். “காத்துல எப்பவும் இருக்கறதுதான். நீங்களும் நானும் தினமும் மூச்சுல இழுக்கறோம், ஒண்ணும் ஆகறதில்ல. இவருக்குப் பிடிச்சிடுச்சு.”

“எங்கேருந்து வந்திருக்கும் டாக்டர்? பஸ்ஸா?”

“பஸ்ஸா இருக்கலாம். வீட்டுச் சுவரா இருக்கலாம். இந்த ஆஸ்பத்திரி வராந்தாவாகூட இருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாது.”

உங்கள் கூடமாகவும் இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அதை அவளே சொல்லிக்கொண்டாள். மழைக்காலத்தில் அவள் கையால் துடைத்தெறிந்த பூஞ்சை டப்பாக்கள் எத்தனை! எவ்வளவுதான் கழுவினாலும், முடியில், சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டு எது வந்தது, எது வரவில்லை என்று யார் கண்டார்கள்?

ஆறாம் நாள் மூச்சுக்குக் குழாய் முகமூடி வைத்தார்கள். மருத்துவர் இரண்டு பெண்களையும் வெளியே கூப்பிட்டார்.

“பூஞ்சைக்கு மருந்து போயிட்டிருக்கு. ஆனா மருந்து மட்டும் பத்தாது, அவர் உடம்பும் சண்டை போடணும். அதுக்குக் காவலை அடக்கற மாத்திரையை நிறுத்தியாகணும். நிறுத்தினா அந்த அணுக்கள் முழிச்சுக்கும். முழிச்சதும் சிறுநீரகத்தையும் தாக்கும். அது போயிடும்னுதான் நினைக்கறேன்.”

தம்பி மனைவி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போட வேண்டியவள் மனைவியான அவள்தான். ஆனால் கொடுத்தவள் இவளல்லவா?

“நிறுத்துங்க” என்றாள் அக்கா. “இன்னைக்கே நிறுத்துங்க.”

உள்ளே போனபோது அவன் விழித்திருந்தான். சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

“உன் கிட்னி போயிடும்க்கா.”

“என்னோடது இல்லடா. குடுத்த அன்னைக்கே உன்னோடது. போனா போகட்டும், நீ இருந்தா போதும். மறுபடி டயாலிசிஸ் பண்ணிக்கலாம், என்ன இப்ப?”

“பத்திரமா வெச்சுக்க முடியல.”

இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தெரிந்தது. “டேய், அன்னைக்கு ஜன்னலைச் சாத்தின அன்னைக்கு, நான் ஒண்ணு சொன்னேன். அது என் வாயில வந்திருக்கக்கூடாது.”

“என்ன சொன்ன?” என்றான் அவன்.

“உனக்குத் தெரியும்.”

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நிஜமாகவே மறந்துவிட்டானா, அவளுக்காக மறந்ததாகச் சொன்னானா என்பது அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

எட்டாம் நாள் கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் குறைந்தது. ஒன்பதாம் நாள் நின்றது. முழித்துக்கொண்ட காவல் முதலில் அதைத்தான் முடித்தது. பூஞ்சையின் பக்கம் திரும்புவதற்குள் நேரம் போய்விட்டது. பதினோராம் நாள் காலை, மழை விட்டு வெயில் வந்த நேரத்தில் அவன் போனான்.

சடங்கெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா ஆரம்பித்தார்: “பஸ்ஸுக்குப் போனானாமே? அந்த உடம்போட? வீட்டுல பொண்டாட்டின்னு ஒருத்தி எதுக்கு இருக்கா? யாரு அவனைப் போகவிட்டது?”

தம்பி மனைவி சுவரோடு சுவராக ஒடுங்கினாள்.

“நான்தான் விட்டேன் சித்தப்பா” என்றாள் அக்கா. “நான்தான் போகச் சொன்னேன். எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க.”

எல்லாரும் போன பிறகு தம்பி மனைவி அவள் காலடியில் வந்து உட்கார்ந்தாள். “நான்தான் அண்ணி முதல்ல அனுப்பினேன். அவரு அப்படியே உக்காந்திருக்கறதைப் பார்க்க முடியல. உங்ககிட்ட மறைச்சேன்.”

“மறைச்சது நல்லதாப் போச்சு” என்றாள் அக்கா. “அப்பவே சொல்லியிருந்தா நான் தடுத்திருப்பேன். அவன் அந்த நாற்காலியிலயே செத்திருப்பான்.” சொல்லிவிட்டு அவள் தலையில் கை வைத்தாள். அதை அவள் நம்பித்தான் சொன்னாளா என்றால், சில நாள் நம்பினாள், சில நாள் நம்பவில்லை. போகவிடாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பானோ என்று சில விடியற்காலைகளில் விழித்துக்கொள்வாள். அன்றைக்கெல்லாம் வேலைக்குச் சீக்கிரமாகவே போய்விடுவாள்.

ஆய்வாளர் அம்மா அவளைக் குளவி அறையிலிருந்து மாற்றி மாவு கிளறும் வேலையை மட்டும் கொடுத்தார். இரண்டு மாதம் அதைச் செய்தாள். குளவி அறைக்கு வந்த புது ஆள் புழுக்களைப் பிரஷ்ஷில் எடுக்கத் தெரியாமல் நசுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், ஒருநாள் தானாகவே மேல்சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். கை பழையபடி வேலை செய்தது. ஆனால் புழுவைக் கூண்டுக்குள் காட்டும்போது அந்த ஒரு நொடி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆய்வாளர் அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்துவிட்டார்.

உறுப்புக் கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும். அவள் போகவில்லை. வாங்கிக்கொண்டவனே இல்லாதபோது கொடுத்ததற்கு ரசீது எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ. தம்பி மனைவிதான் பிடிவாதமாகக் கூட்டிப் போனாள். பேசாத பெண் அன்றைக்கு மூச்சுவிடாமல் பேசினாள்: “எனக்கு இனி யாரு இருக்கா அண்ணி? நீங்க வரலேன்னா நானும் சாப்பிட மாட்டேன்.”

ஸ்கேன் எடுக்கிற பெண் சின்ன வயது, பழைய கதை எதுவும் தெரியாதவள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டே திரையைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னாள்: “ரொம்ப நல்லா இருக்கும்மா. பாருங்க, பழைய அளவைவிடப் பெருசாயிருக்கு. கூட இருந்தது போயிடுச்சுன்னா இப்படித்தான், ரெண்டு பேர் வேலையையும் இதுவே பார்க்க ஆரம்பிச்சுடும்.”

தம்பி செத்த அன்றைக்கு அவள் அழவில்லை. சடங்கன்றைக்கும் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்திருக்கும், வாய்விட்டு அழவில்லை. இப்போது அந்தக் கட்டிலில் படுத்தபடியே, வயிற்றில் பசையோடு, ஓவென்று அழுதாள். ஸ்கேன் பெண் பயந்துபோய்க் கருவியை எடுத்துவிட்டு, “எங்கயாவது வலிக்குதாம்மா?” என்று கேட்டாள். தம்பி மனைவி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தன் முந்தானையால் பசையைத் துடைத்துவிட்டாள்.

வெளியே வந்தபோது பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. “வீட்டுக்குப் போயிடலாம் அண்ணி, இன்னைக்கு ஒருநாள் லீவு போடுங்க” என்றாள்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “காலையில துண்டு வைக்காம வந்துட்டேன். பசியோட கிடக்கும். ஒரு மணி நேரம்தான். நீயும் வா, வாசல்ல உக்காந்திரு. முடிச்சுட்டுச் சேர்ந்தே போலாம்.”

இருவரும் சாலையைக் கடந்து நடந்தார்கள்.